‘பத்லி’ வரிசை: கொல்கத்தாவின் சணல் ஆலைகளும் பெயரிடப்படாத ஓர் அதிகாரமும்

ஆங்கில அகராதிகளுக்கு வங்காளம் அளித்த சொற்களுள் ‘கெரோ’ ஒன்று. 1967-இல் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி அரசு பதவியேற்றபின், நிர்வாகிகளைத் தொழிலாளர் சூழ்ந்து நின்று வெளியேற விடாமல் தடுக்கும் அந்தப் போராட்ட முறை நாடெங்கும் பேசுபொருளாயிற்று. தலையிடும் முன் தொழிலாளர் நல அமைச்சரைக் கேட்கவேண்டும் எனக் காவல்துறைக்கு அரசு பிறப்பித்த சுற்றறிக்கைகளை, ஜே எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. கெரோ என்றால் என்ன, அதில் எந்தெந்தக் குற்றங்கள் அடங்கக்கூடும் என்பவற்றையும் அத்தீர்ப்பு ஆராய்ந்தது. இவ்வாறு தொழிலாளியின் அதிகாரத்துக்கு ஒரு பெயரும், அப்பெயருக்குச் சட்ட விளக்கமும் கிடைத்தன.

அதே நகரத்தின் ஆற்றங்கரையில் அதைவிடப் பழைய சொல் ஒன்று நாள்தோறும் வழங்குகிறது: ‘பத்லி’. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளப்படுபவர் பத்லி. ‘மாற்று’ எனப் பொருள்படும் ‘பதல்’ என்னும் அரபுச் சொல் இதன் வேர். தமிழின் ‘பதில்’ என்ற சொல்லையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதே வேருக்குக் கொண்டு செல்கிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளின் ‘பதிலித் தொழிலாளி’யும் இந்த பத்லியே. கெரோவைப் பற்றி ஒரு நூலகமே உண்டு. முதலாளியின் அதிகாரம் எவ்வழியாகச் செயல்படுகிறது என்பதைக் கெரோவைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் பத்லியோ, வளரும் நாடுகளின் உழைப்புச் சந்தை பற்றிய விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

முதலாளியின் அதிகாரத்தைக் குறிக்கப் பொருளியலில் ஒரு கலைச்சொல் இல்லாமல் இல்லை. 1933-இல் ஜோன் ராபின்சன் தம் நூலில் ‘மொனாப்சனி’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். ‘வாங்குவோர் முற்றுரிமை’ என்று தமிழில் இதைச் சொல்லலாம். சொல்லை ஆக்கித் தந்தவர் கேம்பிரிட்ஜின் செவ்வியல் மொழி அறிஞர் ஹால்வர்ட். கிரேக்க மூலத்துக்கு உணவுப் பண்டம், சிறப்பாக மீன், வாங்குதல் என்று பொருள். சந்தைக்கு ஒரே ஒருவர்தான் மீன் வாங்க வருகிறார் என்றால் விலையை அவரே சொல்வார். மீன் நாளைக்குத் தாங்காது என்பதை இருவரும் அறிவர். உழைப்பும் அவ்வாறே: இன்று விற்காத இன்றைய உழைப்பை நாளை விற்க இயலாது.

பாடநூல்கள் இக்கருத்தை விளக்க எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சுரங்கம் உள்ள ஊரை. முதலாளி ஒருவரே என்பதால், தொழிலாளியின் உழைப்பு ஈட்டித் தரும் மதிப்பைவிடக் குறைந்த கூலியைத் தந்தும் அவரால் ஆள்களைத் தக்கவைத்துக்கொள்ள முடியும். ஆலன் மேனிங் 2003-இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை விரிவாக்கியது. முதலாளிகள் பலர் இருக்கலாம். இருப்பினும் வேலை மாறுவது தொழிலாளிக்குச் செலவும் இடரும் நிறைந்ததானால், ஒவ்வொரு முதலாளிக்கும் தம் ஆள்கள்மீது ஓரளவு இத்தகைய அதிகாரம் இருக்கும் என்பது அவர் வாதம். எனவே கேட்கவேண்டிய கேள்வி, ஊரில் எத்தனை முதலாளிகள் என்பதைவிட, ஒருவரை விட்டு விலகத் தொழிலாளி எதை இழக்கவேண்டும் என்பதே.

ஹூக்ளி ஆற்றின் கரைகள் இக்கேள்விக்கு ஏற்ற களம். 1855-இல் ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலை தொடங்கப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் தெற்கே பஜ்பஜ் முதல் வடக்கே நைஹாட்டி, பான்ஸ்பேரியா வரை இரு கரைகளிலும் ஆலைகள் எழுந்தன. டிட்டாகர், ஜகத்தல், பாட்பாரா, பத்ரேஸ்வர் போன்ற ஊர்களில் நடந்து செல்லும் தொலைவிலேயே அடுத்தடுத்த ஆலைகள் இருந்தன. பீகார், ஐக்கிய மாகாணத்தின் கிழக்கு மாவட்டங்கள், ஒரிசா, சென்னை மாகாணத்தின் வட எல்லையிலிருந்த கஞ்சம், விசாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர். பாடநூலின் ‘ஒற்றைச் சுரங்க ஊர்’ இங்கு எங்கும் இல்லை. ஆலைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதைப் போட்டி மிகுந்த சந்தை என்றே முடிவு செய்வார்.

அந்த முடிவு தவறு என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. முதலாவது, ஆலைகளின் கூட்டு நடவடிக்கை. 1884-இல் ஆலை உரிமையாளர்கள் ஒரு சங்கம் அமைத்தனர்; 1902 முதல் அது இந்திய சணல் ஆலைகள் சங்கம் எனப் பெயர் பெற்றது. பெரும்பாலான ஆலைகள் கிளைவ் தெருவைச் சுற்றியிருந்த சில மேலாண்மை முகமை நிறுவனங்களின் கையில் இருந்தன. விலை சரியும்போது வேலை நேரத்தைக் குறைப்பதும், தேவை கூடும்போது நீட்டிப்பதும் சங்கத்தின் கூட்டு முடிவுகளாயின. 1929 ஜூலையில் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 60 மணியாக உயர்த்தப்பட்டது இத்தகைய முடிவுகளுள் ஒன்று. அதை எதிர்த்தே அவ்வாண்டின் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. முதலாளிகள் தமக்குள் ஒன்றுசேர்வது எங்கும் இயல்பு, ஆனால் தொழிலாளர் ஒன்றுசேர்வதே செய்தியாகிறது என்று ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதியிருந்தார்.

இரண்டாவது சான்று இதைவிட நுட்பமானது. ஒரே வேலைக்கு அருகருகே இருந்த ஆலைகளில், சில இடங்களில் ஒரே முகமை நிறுவனத்தின் ஆலைகளிலும்கூட, வெவ்வேறு கூலி வழங்கப்பட்டது. வங்காளத் தொழிலாளர் வரலாறு குறித்து 1989-இல் தீபேஷ் சக்ரவர்த்தி வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழில் தீர்ப்பாயத் தீர்ப்புக்கு முன் இத்தொழிலில் பொதுவான கூலி விகிதம் இல்லை. போட்டி மெய்யாகவே நிலவியிருந்தால், குறைந்த கூலி தரும் ஆலையை விட்டு மக்கள் அடுத்த ஆலைக்குப் போயிருப்பர்; வேறுபாடு தானே கரைந்திருக்கும். பல்லாண்டுகள் கரையாமல் நின்ற வேறுபாடு, மக்கள் எளிதாக நகர இயலவில்லை என்பதற்கான அடையாளம்.

ஏன் நகர இயலவில்லை? வேலை சர்தார் வழியாகவே கிடைத்தது. அதற்கு அவருக்குத் ‘தஸ்தூரி’ என்ற கையூட்டு தரவேண்டும். பலருக்குத் தங்கும் அறையும் கடனும் அவர் வழியாகவே கிடைத்தன. 1931-இல் வெளியான அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை இந்தக் கையூட்டை வெளிப்படையாகவே கண்டித்தது. அடுத்த ஆலைக்குப் போவதென்றால், அங்குள்ள சர்தாருக்கு மீண்டும் தஸ்தூரி, மீண்டும் கடன், மீண்டும் அறை. தமிழருக்கு இது அந்நியக் கதை அன்று. இலங்கைத் தோட்டங்களில் கங்காணியின் கீழிருந்த தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவர் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தினால்தான் அவர் விடுவிக்கப்படுவார். 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி ஒருவரே என்ற நிலையை ஒரு சிறு காகிதம் உருவாக்கியிருந்தது.

சர்தார் முறை மங்கிய பின்னும் இந்நிலை நீடித்ததற்குப் பத்லி வரிசை ஒரு முதன்மைக் காரணம். அது செயல்படும் விதம் எளிது. பத்லி ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஆலை வாயிலுக்கு வரவேண்டும். நிரந்தரத் தொழிலாளர் எவரேனும் வரவில்லையென்றால் வேலை கிடைக்கும். இல்லையேல் கூலியின்றித் திரும்பவேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம், பிரிவு 25-சி-யில், ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள மற்றொருவரின் இடத்தில் வேலை செய்பவர் என்று பத்லியை வரையறுத்தது. வேலை தர இயலாத நாள்களுக்குப் பதிவேட்டிலுள்ள தொழிலாளிக்கு உரிய பாதி ஊதிய இழப்பீடு பத்லிக்கு இல்லை. ஓராண்டு தொடர்ச்சியான பணியை, அதாவது பொதுவாக ஆண்டில் 240 நாள் வேலையை, நிறைவு செய்தால் அவர் இந்த விலக்கிலிருந்து விடுபடுவார்.

இந்த வரையறையின் சொல்லமைப்பு கவனிக்கத்தக்கது. ‘மகன்’, ‘அண்டை வீட்டார்’ போன்ற உறவுநிலைப் பெயர்களைப் போல, ‘பத்லி’யும் இன்னொருவரைச் சுட்டாமல் பொருள் தராத சொல். ஒருவர் இருபது ஆண்டுகள் தறியில் நின்றாலும், அவருடைய வேலை இலக்கணப்படி இன்னொருவருடையது. ஆலைகளில் வழங்கும் பிற சொற்களும் இதே வகையின. வேறொருவரின் வேலையைச் செய்து கூலியில் பங்கு பெறுபவர் ‘பாகாவாலா’. எண்ணின்றி வேலை செய்பவர் ‘ஜீரோ நம்பர்’. பதிவேட்டுக்கு வெளியே சீட்டின் பேரில் கூலி பெறுபவர் ‘வவுச்சர்’ தொழிலாளி. ஒவ்வொரு சொல்லும் அம்மனிதர் எந்த உரிமைக்கு வெளியே நிற்கிறார் என்பதையே குறிக்கிறது.

வரிசையிலிருந்து அதிகாரம் பிறக்கும் வழி மூன்று. நிரந்தரத் தொழிலாளிக்கு, தம் இடத்தில் நிற்க ஆள் வாயிலில் காத்திருப்பது தெரியும். பத்லிக்கு, ஒரு நாள் வரத் தவறினாலோ கூடுதல் வேலையை மறுத்தாலோ மறுநாள் அழைப்பு வராமல் போகலாம் என்பது தெரியும். மூன்றாவது, பத்லியின் மூப்பு அந்த ஆலைக்கு மட்டுமே உரியது. அடுத்த ஆலை ஒரு கல் தொலைவில் இருக்கலாம். அங்கு சென்றால் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும். பல ஆண்டுக் காத்திருப்பு ஒரே நாளில் வீணாகும். ஆலைகள் எத்தனை இருந்தாலும், காத்திருந்தவருக்கு முதலாளி ஒருவர்தான்.

ஓய்வு பெறும் வயதில் இந்தக் கட்டு வேறு வடிவம் கொள்கிறது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி உரிய தொகை 30 நாள்களுக்குள் வழங்கப்படவேண்டியிருந்தது. சணல் ஆலைகளில் பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் நிலுவையில் நிற்பது தீராத வழக்கு. தொகை வரும்வரை ஆலைக் குடியிருப்பைக் காலி செய்யாமல் அங்கேயே தங்குவோரும், ஓய்வுக்குப் பின் குறைந்த கூலிக்கு அதே ஆலையில் வேலை செய்வோரும் உண்டு. சர்தார் காலத்தில் தொழிலாளி கடன்பட்டிருந்தார். அதனால் விலக இயலவில்லை. இன்று ஆலை தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறது. அதனாலும் விலக இயலவில்லை. கடனின் திசை மாறியபோதும் விளைவு மாறவில்லை என்பதைப் பொருளியல் மாதிரிகள் இன்னும் உரியவாறு உள்வாங்கவில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழுவது இயல்பு. மேற்கு வங்கம் வலிமையான தொழிற்சங்கங்களின் மாநிலம்; அங்கு முதலாளியின் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா? இம்மறுப்புக்கு மிகுந்த செல்வாக்குள்ள கல்விப்புல வடிவம் உண்டு. டிமதி பெஸ்லி, ராபின் பர்ஜெஸ் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, தொழிற்தகராறுகள் சட்டத்துக்கு மாநிலங்கள் செய்த திருத்தங்களைத் தொழிலாளர் சார்பு, முதலாளி சார்பு என வகைப்படுத்தி மதிப்பெண் இட்டது. தொழிலாளர் சார்பு மாநிலங்களின் வரிசையில் மேற்கு வங்கம் முன்னணியில் நின்றது. அத்தகைய திருத்தங்கள் பதிவுபெற்ற ஆலைத் தொழிலின் உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் குறைத்தன என்பது அவ்வாய்வின் முடிவு. ஆதித்ய பட்டாசார்ஜீ 2006-இல் இந்த மதிப்பெண் முறையின் குறைகளை விரிவாக எடுத்துக்காட்டினார்.

மொழியியல் பயின்றோர்க்கு இந்த முறையின் அடிப்படைச் சிக்கல் பழக்கமானது: ஒரு வாக்கியத்தின் பொருளும், அது வழக்கில் செய்யும் செயலும் ஒன்றல்ல. சட்டத்தின் வாசகத்துக்கு மதிப்பெண் இடலாம். அது ஆலை வாயிலில் என்னவாகிறது என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது. 1980-களுக்குப் பின் மேற்கு வங்கத்தில் கதவடைப்புகளால் இழந்த மனித வேலைநாள்கள் வேலைநிறுத்தங்களால் இழந்தவற்றைவிடப் பன்மடங்கு மிகுந்தன என்பதை மாநிலத் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகளே காட்டுகின்றன. ‘கெரோ’வின் மாநிலம் எனப் பெயர் பெற்ற இடத்தில், வேலையை நிறுத்தியது பெரும்பாலும் முதலாளிகள்.

அந்த நிறுத்தமும் தன் பெயரில் அறிவிக்கப்படுவதில்லை. ஆலை வாயிலில் ஒட்டப்படும் அறிவிப்பு ‘சஸ்பென்ஷன் ஆஃப் வொர்க்’, அதாவது பணி இடைநிறுத்தம், என்றே பெரும்பாலும் தலைப்பிடப்படுகிறது. கதவடைப்பு என்று எழுதினால் அது சட்டப்படியானதா, அக்காலத்துக்கு ஊதியம் உண்டா என்ற கேள்விகள் உடனே எழும். விந்தை என்னவெனில், சட்டத்தின் பிரிவு 2(எல்) கதவடைப்பு என்பதை வரையறுக்கும்போது, வேலையிடத்தைத் தற்காலிகமாக மூடுவதோடு ‘பணி இடைநிறுத்த’த்தையும் அதே சொற்களில் சேர்த்தே கூறியது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுகள் சட்டத்தொகுப்பும் இதே வரையறையைப் பின்பற்றுகிறது. ஒரு செயலின் பெயரைத் தவிர்க்க அச்செயலின் வரையறையையே பெயராகச் சூட்டுவதும், அது பல்லாண்டுகள் ஏற்றுக்கொள்ளப்படுவதும், சொல்லின் மேல் யாருக்கு உரிமை உள்ளது என்பதைக் காட்டும்.

ஆலை உரிமையாளர் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. கச்சா சணலின் விலை ஏறி இறங்குகிறது. பிளாஸ்டிக் சாக்குகளின் போட்டி கடுமையானது. ஊருக்குச் செல்லும் தொழிலாளர் அறுவடைக் காலங்களில் வராமலிருப்பதால் மாற்று ஆள்கள் தேவை. இவை மெய்யே. மாற்று ஆள் தேவை என்பதிலிருந்து, காத்திருப்பின் செலவு முழுவதையும் மாற்று ஆளே சுமக்கவேண்டும் என்பது பெறப்படாது. தொழிற்சங்கங்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. புதிதாகச் சேர்வோருக்குக் குறைந்த கூலி என்ற ஏற்பாடு முத்தரப்பு ஒப்பந்தங்களில் இடம்பெற்றபோது அவற்றில் கையொப்பமிட்டவர்களுள் சங்கத் தலைவர்களும் இருந்தனர். ஒரே தறிக்கு இரண்டு கூலி என்ற நிலை அவ்வாறே உறுதிப்பட்டது.

ஆய்வாளர்களுக்கு இதிலிருந்து ஒரு பணி எழுகிறது. அமெரிக்காவில் முதலாளியின் அதிகாரத்தை அளக்க இணைய வேலை விளம்பரங்களைக் கொண்டு சந்தைக் குவிவுக் குறியீடு கணக்கிடுகிறார்கள். விளம்பரமே இல்லாமல் வாயிலில் ஆள் எடுக்கும் சந்தையில் அக்குறியீடு எதையும் காட்டாது. இந்தியச் சூழலுக்குப் பொருந்திய வேறு வழிகள் உண்டு. ஊரக வேலையுறுதித் திட்டத்தின் கூலி, ஸ்மார்ட் கார்டு வழியாக ஒழுங்காகச் சென்று சேர்ந்தபோது ஆந்திரத்தில் என்ன நிகழ்ந்தது என்று முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் ஆகியோர் ஆராய்ந்தனர். வெளிச்சந்தைக் கூலி உயர்ந்தது. தனியார் வேலைவாய்ப்பு குறையவில்லை, கூடியது. நிலவுடைமை குவிந்திருந்த இடங்களில் அது மேலும் கூடியது. போட்டிச் சந்தைக் கோட்பாட்டைவிட வாங்குவோர் முற்றுரிமைக் கோட்பாடே இதற்குப் பொருத்தமான விளக்கம். மாற்று வேலை இருந்தால் முதலாளியின் பிடி தளரும் என்பது இதன் சாரம். அதே திட்டத்துக்கான நிதியை 2022 மார்ச்சில் மத்திய அரசு மேற்கு வங்கத்துக்கு நிறுத்தியபோது, அது கிராமத் தொழிலாளரை மட்டுமல்லாது ஆலை வாயில் வரிசைகளின் நீளத்தையும் தொட்டிருக்கக்கூடும். சியால்தாவிலிருந்தும் ஹவ்ராவிலிருந்தும் புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஆலை ஊர்களில் அளக்கவேண்டியவை இவை: வேலை கிடைத்த ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை நாள் காத்திருப்பு, பணிக்கொடைக்கு எத்தனை மாத நிலுவை, இடைநிறுத்த அறிவிப்புக்கும் மறுதிறப்புக்கும் இடையே மாறிய நிபந்தனைகள் எவை.

காத்திருப்புக்கு ஊதியம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு எனில், இதே ஆற்றின் துறைமுகம் அதற்கு மறுமொழி. 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழி 1950-களில் கல்கத்தா துறைமுகத்தின் சரக்கேற்றுத் தொழிலாளர் ஒரு பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டனர். அவர் எந்த ஒப்பந்ததாரருக்கும் தனியே கட்டுப்பட்டவர் அல்லர். வருகை தந்தும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி உண்டு. கொள்கலன் கப்பல்கள் வந்தபின் அந்த ஏற்பாடு சுருங்கியது. எனினும் நாள்கூலி வரிசையைப் பொதுப் பதிவேடாக மாற்ற இயலும் என்பதை அது ஒரு தலைமுறைக் காலம் நடத்திக் காட்டியது.

சணல் ஆலைகளுக்கும் இதைச் செய்யலாம். ஒரு பகுதியின் ஆலைகளுக்குப் பொதுவான பத்லி பதிவேடு, ஆலை மாறினாலும் தொடரும் மூப்பு, வாயிலில் காத்திருந்த நாளுக்குப் படி, அந்த நாளையும் 240-இல் சேர்க்கும் விதி ஆகியவை அடிப்படையானவை. செயல்படுத்தும் கருவி அரசின் கையிலேயே உள்ளது. 1987-ஆம் ஆண்டின் சணல் பொதிவுப் பொருள்கள் சட்டத்தால் உணவுத் தானியங்களுக்குச் சணல் சாக்கு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அச்சாக்குகளைப் பெருமளவில் வாங்குவது அரசே, விலையை நிர்ணயிப்பதும் அரசே. சாக்குச் சந்தையில் ஏறத்தாழ ஒற்றை வாங்குவோராக நிற்கும் அரசு, பணிக்கொடை நிலுவை வைத்திருக்கும் ஆலையிடம் சாக்கு வாங்குவதில்லை என்ற ஒரு நிபந்தனையைக் கொள்முதல் ஆணையில் சேர்த்தால், வாயிலில் நிற்பவரின் பேரவலிமை அன்றே மாறத் தொடங்கும். அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.